பல்தசாரே வீட்டில் இருக்கிறாரா

மூன்று ராஜாக்கள் திருநாளன்று மதியம் திராஸ்மோந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பில் வீட்டுப் பெரியவர் கஸ்பாரே திராஸ்மோந்தி. அவருக்கு வலப்பக்கம் தங்கை எர்சீலியா, இடப்பக்கம் பங்குச்சாமி தோன் குவிரீனோ. எதிரே, முந்தின நாள் ரயிலில் தூரினிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் ரென்ஸோ. கதவோரம், நாற்காலி நுனியில், விழாக் குழுத் தலைவர் நாத்ஸரேனோ. இன்னொருவரும் வீட்டில் இருந்தார், ஆனால் மேசையில் இல்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்கூடத் தானும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிறார். அவர் அன்று இல்லை.

அன்று முடிவாக வேண்டியிருந்தது ஒரே விஷயம்தான். திராஸ்மோந்தி வீட்டுக் கிரீடம் இனி ஒரு தலையில் ஏறுமா, ஏறாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடுமா.

மொந்தெசெர்வோ ஊரில் அந்தத் திருநாள் மாலை, குழந்தை இயேசுவைக் காண வந்த மெல்கியோரே, கஸ்பாரே, பல்தசாரே என்ற மூன்று ராஜாக்களின் வேஷத்தில் மூவர் குதிரையேறிக் கோட்டை வாசல் வழியாக ஊருக்குள் வருவார்கள். மெல்கியோரே வேஷமும் கஸ்பாரே வேஷமும் கீழ்த்தெருக்காரர்களுடையவை. அவர்களில் யார் வேண்டுமானாலும் போடலாம், தலைக்கு அட்டைக் கிரீடம். பல்தசாரே விஷயம் அப்படியல்ல. அந்தக் கிரீடம் செம்பில் அடித்துப் பொன்முலாம் பூசியது. வருடம் முழுக்கத் திராஸ்மோந்தி வீட்டுப் பீரோவில் இருக்கும். அதை அணிபவன் வேஷக்காரனாக இருக்கக் கூடாது, அவன் பெயரே பல்தசாரேயாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் மூத்த மகனுக்கு எப்போதும் அந்தப் பெயர்தான் என்பதால் ஆள் கிடைக்காத பிரச்சினை பல தலைமுறைகளாக எழவில்லை.

கஸ்பாரே இரண்டாவதாகப் பிறந்தவர். மூத்தவர் பல்தசாரே இளவயதிலேயே தூரினுக்குக் கார்த் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். கூட வேலை செய்தவர்கள் அந்தப் பழைய பெயரைக் கேட்டுச் சிரித்தார்களாம். ஒரு வருடத்துக்குள் அவர் ஆல்தோ ஆகிவிட்டார். வீட்டுக் கதவில் ஆல்தோ, கல்யாண அழைப்பில் ஆல்தோ, கடைசியில் கல்லறையிலும் ஆல்தோ. பிறந்த மகனுக்கு ரென்ஸோ என்று வைத்தார். திருநாளுக்கு ஒருமுறையும் ஊர்ப்பக்கம் வரவில்லை.

அப்பா பல்தசாரே உயிரோடு இருந்தவரை கிரீடம் அவர் தலையில் இருந்தது. அவர் போன பிறகு மூன்றாவது குதிரை காலிச் சேணத்தோடு வர ஆரம்பித்தது. அதன் பக்கத்தில் கஸ்பாரே, பட்டு மெத்தையில் கிரீடத்தை வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடப்பார். பனி கொட்டினாலும் தலையில் தொப்பி கிடையாது. அந்தக் கிரீடத்தை ஒரு தடவைகூடத் தன் தலையில் வைத்துப் பார்த்ததில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால்கூட. நாற்பது வருடத்துக்கு மேல் அப்படி நடந்து, இப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. முதுகு மட்டும் அன்று போலவே நிமிர்ந்திருந்தது.

காலையில் எர்சீலியா தொட்டியடியில் குழாய் உறைந்து வெடித்திருப்பதைப் பார்த்தார். திருநாள் என்றும் பாராமல் குழாய்க்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அதனால் சாப்பாடு தொடங்கியதிலிருந்து சமையலறையில் இரும்பை இரும்பு தட்டும் சத்தம்.

“நாத்ஸரேனோ, சூப் ஆறுது,” என்றார் எர்சீலியா. “சொல்ல வந்ததைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க, இல்ல சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. கரண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க அண்ணனையே பார்க்காதீங்க.”

நாத்ஸரேனோ கரண்டியைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். கீழ்த்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மேல்தெரு வீடுகளுக்கு வரும்போது மட்டும் குரல் ஒரு படி இறங்கிவிடும்.

“ஐயா தப்பா நினைக்கக் கூடாது. குழுவுல எல்லாரும் சேர்ந்து பேசினது. காலிக் குதிரை வர்றதைப் பார்த்தா சவ ஊர்வலம் மாதிரி இருக்குங்கறாங்க. வெளியூர்க்காரங்க போட்டோ எடுத்துட்டு, ‘இறந்தவர் யாரு’ன்னு என்கிட்ட கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?”

“பல்தசாரே இன்னும் வரலன்னு சொல்லுங்க,” என்றார் கஸ்பாரே.

“நாப்பது வருஷமாவா?”

“நம்ம மணிக்கூண்டு கட்டறதுக்கு அதைவிட நாளாச்சு.”

பங்குச்சாமி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். நாத்ஸரேனோ விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பல்தசாரேக்கும் அட்டைக் கிரீடம்தான், யாருக்கு ஆசையோ அவர்கள் போடலாம். திராஸ்மோந்தி கிரீடத்துக்கு நகராட்சிக் கூடத்தில் நல்ல கண்ணாடிப் பெட்டி, அடியில் குடும்பத்தின் பெயர், விளக்குகூட உண்டு. இந்த வருடம் மட்டும் ஐயா விருப்பப்படி நடந்துகொள்ளலாம்.

“இதுல எனக்குச் சந்தோஷம்னு நினைச்சுடாதீங்க,” என்றார் நாத்ஸரேனோ. “எனக்கு இன்னிக்கு வேற தலைவலி இருக்கு. கஸ்பாரே வேஷம் போடுற கசாப்புக்கடை பிரீமோவுக்குக் காய்ச்சல். நாலு மணிக்குள்ள ஒரு தலை தேடணும்.”

கஸ்பாரே எதிரே இருந்த ரென்ஸோவைப் பார்த்தார். ரென்ஸோவின் மகளுக்கு வசந்தத்தில் பிள்ளை பிறக்கப்போகிறது, ஆண் என்று சொல்லிவிட்டார்கள். இலையுதிர்காலம் முழுக்கக் கஸ்பாரே தொலைபேசியில் அதைப் பற்றிக் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ரென்ஸோ இவ்வளவு தூரம் ரயிலேறி வந்ததே நல்ல சேதி சொல்லத்தான் என்று நேற்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்.

“சொல்லு ரென்ஸோ. நாத்ஸரேனோவும் கேட்டுக்கட்டும். பேர் வச்சாச்சா?”

ரென்ஸோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “வச்சாச்சு சித்தப்பா. லியோ,” என்றான்.

“அது என்ன பேரு,” என்றார் எர்சீலியா. “கூப்பிட ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சு போகுது.”

“நான் கேட்டேன் அத்தை. சத்தியமா கேட்டேன். ‘பள்ளிக்கூடத்துல அவனை என்னன்னு கூப்பிடுவாங்க’ன்னு அவ திருப்பிக் கேட்டா. எங்கப்பாவைத் தொழிற்சாலையில என்னென்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்கு வாய் வரல.” அவன் கஸ்பாரேயை நிமிர்ந்து பார்த்தான். “போன்ல சொல்லக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்.”

கஸ்பாரே மடியிலிருந்த துணியை எடுத்து, நாலாக மடித்து, தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது போலிருந்தது. ஆனால் வெளியாள் இருக்கும் மேசையில் முகம் காட்டும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

“நேர்ல வந்து சொன்னது மரியாதை,” என்றார். “கோழியைக் கொண்டா எர்சீலியா.”

கோழி முடிந்து, ஆரஞ்சும் கொட்டைகளும் வந்த பிறகு கஸ்பாரே எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஒவ்வொரு கோப்பையிலும் காய்ச்சிய இனிப்பு ஒயின் ஒரு விரல் அளவு. வருடத்துக்கு ஒருமுறை, ஊர்வலத்துக்கு முன், அந்த மேசையில் பெயர் சொல்லும் நேரம் அது. எங்கும் எழுதி வைத்தது கிடையாது. அப்பா சொல்லக் கேட்டு மகன் சொல்வது, அவ்வளவுதான்.

சமையலறையில் தட்டும் சத்தம் ஓயவில்லை. “கொஞ்சம் நிறுத்தச் சொல்லட்டுமா?” என்று எர்சீலியா மெதுவாகக் கேட்டார்.

“வேலை செய்றவரை எதுக்கு நிறுத்தணும்,” என்று கஸ்பாரே குரலை உயர்த்திக்கொண்டார்.

“சாவியைக் கிணற்றில் போட்ட பல்தசாரே.” கூலிப்படை வாசலில் வந்து நின்று கதவைத் திறக்கச் சொன்னபோது சாவியைக் கிணற்றுக்குள் வீசிவிட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் அவர். எல்லோரும் ஒரு மிடறு குடித்தார்கள்.

“பாட்டை முடித்த பல்தசாரே.” கோயிலில் ஆர்கன் வாசித்தவர். நிலநடுக்கத்தில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தபோதும் வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்துவிட்டே எழுந்தவர்.

“காலரா வருடத்து டாக்டர் பல்தசாரே.” கீழ்த்தெருவை விட்டு எல்லோரும் மேலே ஓடியபோது, மேலிருந்து கீழே போய்க் குடியிருந்தவர். நாத்ஸரேனோ இந்தப் பெயருக்கு மட்டும் தலை குனிந்தார். அவர் கொள்ளுப்பாட்டன் பிழைத்தது அந்த டாக்டரால்தான்.

“மணியைக் கொடுக்காத பல்தசாரே.” கஸ்பாரேயின் அப்பா. போரின்போது ஆயுதத்துக்காகக் கோயில் மணியை உருக்க ஆட்கள் வந்தார்கள். கோதுமைக் குவியலுக்குள் மணியைப் புதைத்துவிட்டு, ‘எந்த மணி’ என்று அவர்களிடமே கேட்டவர்.

அதன் பிறகு மூன்று பெயர்கள் உண்டு, திராஸ்மோந்திகள் அல்லாதவர்கள். அவற்றைச் சேர்த்தவர் டாக்டர் பல்தசாரே. எதிர்வீட்டுக் குடும்பத்தில் ஒரு கர்தினால் இருந்தார், அவர்கள் அதைச் சொல்லாத நாளே இல்லை. நமக்குக் கர்தினால் இல்லாவிட்டால் போகட்டும், இந்தப் பெயரில் இத்தாலி முழுக்க யார் யார் இருந்தார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று டாக்டர் நினைத்தார். அதில் தவறேதும் இல்லை.

“சியெனாவின் பல்தசாரே பெருத்ஸி.” ஓவியர், கட்டடக் கலைஞர். ரோமாபுரியின் பெரிய வட்டக் கோயிலில் அடக்கமானவர்.

“வெனிஸின் பல்தசாரே லொங்கேனா.” கால்வாய் முகப்பில் அந்த வெள்ளைக் குவிமாடக் கோயிலைத் தண்ணீரின் மேல் நிற்கவைத்தவர்.

“புரானோவின் பல்தசாரே கலுப்பி.” தீவிலிருந்து கிளம்பிய இசைக்காரர். ரஷ்ய ராணியின் அரண்மனைவரை போய் வாசித்துவிட்டு வந்தவர்.

கஸ்பாரே இந்த மூன்றையும் தன் அப்பா பெயரைச் சொன்ன அதே நிமிர்வோடுதான் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அண்ணன் பெயரை அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பெயரைக் கழற்றி வைத்தவரை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது? அந்த இடம் வந்து கடந்துபோனதை ரென்ஸோ கவனித்தான். கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இனி ஒன்றுதான் பாக்கி. பெயர்களைச் சொல்லி முடித்ததும் வீட்டுப் பெரியவர் ஒரு கேள்வி கேட்பார். பெயருக்கு உரியவர் பதில் சொல்வார், கிரீடம் அவர் தலையில் ஏறும். நாற்பது வருடமாகக் கஸ்பாரே கேள்வியைக் கேட்டு, அதன் பிறகு வரும் மௌனத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, கிரீடத்தை மெத்தையில் வைப்பார். இதுவே கடைசி முறை என்று தெரிந்ததால் அன்று வழக்கத்தைவிட உரக்கவே கேட்டார்.

“பல்தசாரே வீட்டில் இருக்கிறாரா?”

சமையலறையில் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

“இருக்கேன், இருக்கேன். இதோ வந்துட்டேன்.”

ஏதோ உருண்டது. யாரோ முனகிக்கொண்டு எழுந்தது கேட்டது. கதவைத் திறந்துகொண்டு குழாய்க்காரர் வந்து நின்றார். முழங்கைவரை ஈரம், கையில் குழாய் திருகும் பெரிய முறுக்கி. ஊரில் எல்லோரும் அவரைச் சிசிலிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தெரிந்தவர்கள் பால்தோ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். வந்தவர் ஐந்து பேரும் கோப்பையோடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்ன ஐயா, தண்ணி இந்தப் பக்கமும் வந்துடுச்சா?”

நாத்ஸரேனோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒயின் மூக்கில் ஏறி இருமினார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“உங்களைக் கூப்பிடல,” என்றார் கஸ்பாரே.

“இல்லையே, பேர் சொன்னீங்களே. பல்தசாரேன்னு.”

“அது வேற பல்தசாரே.”

குழாய்க்காரர் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “யாரு ஐயா அவர்? நானும் பார்த்துக்கறேன். ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், என்னைத் தவிர அந்தப் பேர்ல ஒருத்தரையும் பார்த்ததில்ல.”

எல்லோர் பார்வையும் கஸ்பாரே பக்கம் போனது. குழாய்க்காரர் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, “மன்னிச்சுக்குங்க, சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது, ஆனால் முன்னைவிட மெதுவாக.

“கேள்வி கேட்டீங்க,” என்றார் நாத்ஸரேனோ இருமலுக்கு நடுவே. “பதில் வந்துச்சு.”

“அவர் நம்ம குடும்பம் இல்ல.”

“அப்படி ஒரு சட்டம் உண்டா ஐயா? போன தடவை உங்க தம்பிமுறைக்காரர் வீட்டுப் பையன் கேட்டப்போ, ‘ரத்தம் இருந்தா போதாது, பேர் வேணும்’னு நீங்கதானே சொல்லி அனுப்பிச்சீங்க?”

அதுவும் உண்மைதான். ரத்தம் மட்டும் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேரைக் கஸ்பாரே அந்த மேசையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“அண்ணே,” என்றார் எர்சீலியா, ஆரஞ்சுத் தோலைத் தட்டில் ஒதுக்கிக்கொண்டே. “அந்த வெனிஸ்காரர் எந்த வழியில நமக்குச் சொந்தம்? அம்மா வழியா, அப்பா வழியா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். இத்தனை வருஷமா அவருக்கு ஒயின் குடிக்கறேன், இன்னும் முறை தெரியல.”

கஸ்பாரே அவரை முறைத்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளி, சமையலறைக்குப் போனார். அவர் அந்த அறைக்குள் போவதே அரிது.

தொட்டியடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கஸ்பாரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பூட்ஸுக்கு எதிரே நேராக உட்கார்ந்தார்.

“உங்க பேர் முழுசா என்ன?”

“பல்தசாரே குசுமானோ ஐயா. ஏன், ரசீதுக்கா? அது அப்புறம் பார்த்துக்கலாம்.”

“யார் வச்சது?”

“எங்க ஊர்ல முதல் பேரனுக்கு அப்பாவோட அப்பா பேர். யாரும் யோசிச்செல்லாம் வைக்கறதில்ல. எங்க தாத்தா சூரை மீன் பிடிக்கப் போறவர். இந்தப் பேரோடதான் நடுக்கடல்ல நின்னார்.” முறுக்கி ஒரு சுற்றுச் சுற்றியது. “அந்த விளக்கைக் கொஞ்சம் இப்படிக் காட்டறீங்களா?”

கஸ்பாரே தரையிலிருந்த கைவிளக்கை எடுத்துப் பிடித்தார்.

“இந்தப் பேரைக் கேட்டு யாரும் சிரிச்சதில்லையா?”

“சிரிக்காம? மொதல்ல வடக்கே பிரேஷியாவுல ஒரு கட்டட வேலைக்குப் போனேன். மேஸ்திரிக்கு வாயில வரல. ‘உன்னை மார்கோன்னு கூப்பிடறேன்’னு சொல்லிட்டார். மார்கோ, மார்கோன்னு கத்துவார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். திமிர் இல்ல ஐயா, எனக்குத் தோணவே இல்ல, அது யாரோன்னு இருந்துடுவேன். ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்திட்டு அவரே பல்தசாரேன்னு கூப்பிடப் பழகிட்டார்.”

கஸ்பாரே விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். திராஸ்மோந்தி வீட்டில் பிறந்த மூத்தவன் ஒரு வருடத்தில் கழற்றிக் கொடுத்ததை, மீன்பிடிக்காரர் பேரன் ஒருவன் ஒரு வாரம் திரும்பிப் பார்க்காமலே காப்பாற்றியிருக்கிறான். இதை நினைக்கக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் கசப்பு என்பதற்காக ஒரு விஷயத்தை இல்லை என்று சொல்பவர் அல்ல கஸ்பாரே.

“குதிரை ஏறத் தெரியுமா?”

“தெரியாது. விழுந்தா எழுந்திருக்கத் தெரியும்.” தட்டுவது நின்றது. பூட்ஸ் மடங்கி, ஆள் தொட்டியடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார். “ஐயா, நீங்க அந்த ஊர்வலத்தைச் சொல்றீங்களா?”

“ஆமா.”

“வேண்டாம் ஐயா. அது உங்க வீட்டுக் கிரீடம். வருஷா வருஷம் வந்து பார்க்கறேனே. நீங்க தலையில ஒண்ணும் போடாம நடந்து வருவீங்க, என் சம்சாரம் ‘அந்தப் பெரியவருக்குச் சளி பிடிக்கப்போகுது’ன்னு புலம்புவா.” அவர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “நாங்க இங்க வந்த புதுசுல என் பொண்ணுக்கு நாலு வயசு. ‘அப்பா, உன் குதிரை ஏன் காலியா வருது’ன்னு கேட்டா. எல்லார் காதுலயும் விழுந்துடுச்சு. வாயை மூடுன்னு சொன்னேன். இப்பவும் கேக்கறா, ஆனா காதுக்குள்ள கேக்கறா.”

கஸ்பாரே எழுந்து நின்றார். மேல்சட்டையின் கீழ்ப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“கையைக் கழுவிட்டு மேசைக்கு வாங்க.”

“தண்ணி வரணும்ல ஐயா. இன்னும் பத்து நிமிஷம் ஆகும்.”

அந்தப் பத்து நிமிடமும் சாப்பாட்டு அறையில் யாரும் உட்காரவில்லை. குழாயில் தண்ணீர் இருமி, துப்பி, பிறகு ஒழுங்காக ஓடும் சத்தம் கேட்டது. பல்தசாரே குசுமானோ கைகளையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, எர்சீலியா கொடுத்த ஒரு பழைய கறுப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சட்டை கைப்பக்கம் குட்டை. கஸ்பாரே பெயர்களை மறுபடி முதலிலிருந்து சொல்லவில்லை. அவை ஒரு வருடத்துக்கு ஒருமுறைதான். கேள்வியை மட்டும் கேட்டார், அதுவும் மெதுவாக.

“பல்தசாரே வீட்டில் இருக்கிறாரா?”

“இருக்கேன்.”

கிரீடத்தைக் கஸ்பாரேதான் வைத்தார். அது குழாய்க்காரரின் காதுவரை இறங்கிவிட்டது.

“திராஸ்மோந்தித் தலை எல்லாம் பூசணிக்காய்,” என்று சொல்லி எர்சீலியா கிரீடத்தைக் கழற்றி, உள்ளே ஒரு துணியைச் சுற்றித் திணித்து, மறுபடி வைத்துப் பார்த்தார். இப்போது நின்றது.

நாத்ஸரேனோ கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப உங்க கை ரெண்டும் சும்மா இருக்கு ஐயா. நான் இன்னும் ஒரு தலை தேடிக்கிட்டு இருக்கேன்.”

“அதுக்கென்ன?”

“கஸ்பாரே வேஷம்.”

“அது கீழ்த்தெருவோட உரிமை.”

“கீழ்த்தெருதான் கேக்குது. நான் கேட்டா கீழ்த்தெரு கேட்ட மாதிரி.”

“எண்பத்தொரு வயசுல குதிரையா,” என்றார் பங்குச்சாமி.

“இவர் நடக்கறதைவிட உட்கார்றதுதான் நல்லது சாமி,” என்றார் எர்சீலியா. “அண்ணே, உன் பேருக்குன்னு ஒரு கிரீடம் இத்தனை வருஷமா உன் முன்னாடியே போய்க்கிட்டு இருந்துச்சு. அட்டைங்கறதால நீ கண்ணெடுத்துப் பார்க்கல. இன்னிக்காவது வச்சுக்க, சளி பிடிக்காம இருக்கும்.”

கஸ்பாரே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் மெத்தையை எடுத்து, பட்டுத் துணியை மடித்து, பீரோவில் அதன் இடத்தில் வைத்தார். பீரோவைப் பூட்டிய பிறகு, “பிரீமோவோட மேலங்கி எனக்குப் பத்தாது, அவர் குட்டை,” என்றார். நாத்ஸரேனோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலங்கியை எடுத்துவர ஓடினார். மேலங்கி பத்தவும் இல்லை, யாரும் கவலைப்படவும் இல்லை.

படியிறங்கும்போது கஸ்பாரே தங்கையிடம் கேட்டார். “அவர் பேர் உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தக் குழாய்?”

“குழாய் தானாத்தான் வெடிச்சது. ஊர்ல இன்னொரு குழாய்க்காரரும் இருக்கார். அவரை நான் கூப்பிடல, அவ்வளவுதான்.”

கோட்டை வாசலுக்கு வெளியே குதிரைகள் நின்ற இடத்தில் காற்று ஊசியாய்க் குத்தியது. ரென்ஸோ சித்தப்பாவுக்குத் தோள் கொடுத்து ஏற்றிவிட்டான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பதாகச் சொன்னான். அட்டைக் கிரீடத்தில் புதுப் பசை வாசனை அடித்தது. வெறுந்தலையோடு நடந்து பழகியவருக்கு அந்த எடையில்லாத எடை முதலில் விநோதமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் குனிந்து, ரென்ஸோவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அடுத்த வருஷமும் வா. உங்கப்பா பேரையும் சொல்லணும். கார் செஞ்ச பல்தசாரேன்னு சொல்லலாமா, நீ யோசிச்சு வை.”

ரென்ஸோ தலையசைத்தான். கடிவாளத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டான்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது குழந்தைகள் இரண்டு பக்கமும் அந்தத் திருநாளுக்கென்றே விற்கும் கரிபோன்ற கறுப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு நின்றார்கள். மெல்கியோரே போனார். கஸ்பாரே போனார், முதுகு கம்பு மாதிரி. மூன்றாவது குதிரை வந்தது. கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. கிணற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், “அப்பா,” என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டது. இந்த முறை யாரும் அதன் வாயை மூடச் சொல்லவில்லை. பல்தசாரே திரும்பிப் பார்த்தார். கிரீடம் நழுவி, துணி வெளியே எட்டிப் பார்த்தது. அதைப் பிடிக்கப்போய்ச் சேணத்திலிருந்து சரிந்தார், பிறகு சமாளித்துக்கொண்டார். விழவில்லை.

திங்கட்கிழமைக்குள் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. பெரியவர் கஸ்பாரே காரணமில்லாமல் கிரீடத்தைக் கையை விட்டுக் கொடுக்கிற ஆளா, மறைந்த ஆல்தோ ராணுவத்தில் இருந்த காலத்தில் சிசிலியில் ஒரு குடும்பம் இருந்ததாம், குழாய்க்காரர் அந்த வழியில் பேரனாம், முகஜாடைகூட இருக்கிறதாம்.

அது உண்மையில்லை. ஆல்தோ என்கிற பல்தசாரே திராஸ்மோந்தி ராணுவத்தில் இருந்தது வடக்கே, உதினேயில். சிசிலியில் அவர் கால் வைத்ததே கிடையாது. குசுமானோ குடும்பத்துக்கும் திராஸ்மோந்தி குடும்பத்துக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லை.